மாமா தோளில் ஏறும் பக்கம்: சித்திரைத் திருவிழாப் படப்புத்தகம் வரைபவருக்கு

கேள்வி: பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். முதன்முதலாகச் சிறுவர் படப்புத்தகம் ஒன்றுக்கு வரைகிறேன். மதுரைச் சித்திரைத் திருவிழாதான் கதை. ஏழு வயதுச் சிறுமி செல்லி, தாய்மாமனோடு அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்து, இரவு தல்லாகுளத்தில் தங்கி, விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கிறாள். 24 பக்கம், எட்டரை அங்குலச் சதுரம், 520 சொற்கள். போஸ்டர் கலரில் ஆறு படம் முடித்து அனுப்பினேன். நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். "கூட்டம் தெரிகிறது, செல்லியைக் காணோம்" என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். மாதிரி அச்சில் அழகரின் பச்சைப்பட்டு பாசி பிடித்த மாதிரி இருக்கிறது. எழுத்துக்கு எங்கே இடம் விடுவது என்றும் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: ஆமாம், பென்சிலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். முடித்த ஆறு படங்களைக் கிழித்துவிட வேண்டாம். குடை, சப்பரம், ஆட்களின் உடை எல்லாம் அவற்றில் நன்றாக வந்திருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைய உதவும்.

சிக்கல் உங்கள் கையில் இல்லை, நீங்கள் நின்று பார்க்கும் இடத்தில் இருக்கிறது. ஆறு படங்களிலும் அடிவானக் கோடு, அதாவது பார்ப்பவரின் கண்மட்டம், எங்கே வருகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் தாளின் மேல்விளிம்பை ஒட்டியோ தாளுக்கு வெளியிலோ போகிறது. மாடியில் நின்று பார்க்கிற பார்வை அது. செய்தித்தாள் படங்களும் வீடியோக்களும் மண்டபத்து மேலிருந்தோ டிரோனிலிருந்தோ எடுக்கப்படுபவை. அவற்றைப் பார்த்து வரைந்தால் இப்படித்தான் வரும். ஆற்றுப் பக்கத்தில் செல்லியின் உயரம் 8 மில்லிமீட்டர். ஆறு வயதுப் பிள்ளை அவளைத் தேடிக்கொண்டிருக்காது, பக்கத்தைப் புரட்டிவிடும்.

ஏழு வயதுப் பெண்பிள்ளை சுமார் 120 செ.மீ. உயரம் இருப்பாள். கண் 110 செ.மீ. உயரத்தில். சமதரையில் அவள் நிற்கும்போது அடிவானக் கோடு எல்லார் உடம்பையும் தரையிலிருந்து அதே 110 செ.மீ.யில்தான் வெட்டும். பெரியவர்களுக்கு அது இடுப்புக்குச் சற்று மேலே. பக்கத்தில் நிற்பவர், பத்தடி தள்ளி நிற்பவர், ஐம்பதடி தள்ளி நிற்பவர், எல்லாருடைய இடுப்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். தலைகள் மட்டும் தூரத்துக்குத் தக்கபடி இறங்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் செல்லிக்குத் தெரிவது வேட்டி மடிப்பு, முந்தானை, கட்டைப்பை, சொம்பு பிடித்த கை, யாரோ ஒருவர் தோளிலிருந்து தொங்கும் தோப்பறை என்கிற தோல் தண்ணீர்ப் பை. அழகர் இருக்கிற பக்கம் ஒரு வெளிச்சம் மட்டும் தெரியும்.

பிறகு மாமா அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைக்கிறார். மாமாவின் தோள் 135 செ.மீ., உட்கார்ந்த பிள்ளையின் கண் அதற்கு மேல் 55, 60 செ.மீ. அடிவானக் கோடு ஒரே தூக்கில் 190 செ.மீ.க்கு மேலே போய்விடுகிறது. அதுவரை அவளை மறைத்த தலைகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே ஒரு தலையளவு இறங்கிவிடும். உங்கள் புத்தகத்தில் நடக்கும் பெரிய நிகழ்வு இதுதான். கதாசிரியர் அப்பாவையோ தாத்தாவையோ வைக்காமல் தாய்மாமனை வைத்திருப்பதையும் கவனியுங்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் புறப்பட்டு வரும் அண்ணனாகத்தான் மக்கள் அழகரைப் பார்க்கிறார்கள். மீனாட்சிக்கு அழகர் எப்படியோ செல்லியின் அம்மாவுக்கு மாமா அப்படி. இதை வரியில் எழுத வேண்டியதில்லை. மாமா தோளில் ஒரு பச்சைத் துண்டு போடுங்கள். அந்தப் பச்சை புத்தகத்தில் இரண்டே இடத்தில் வரட்டும்: மாமா துண்டு, அழகர் பட்டு. வேறு சேலை, இலை, பலூன் எதிலும் அதைத் தொடாதீர்கள்.

செல்லிக்கு ரோஸ் பாவாடை நல்லது. மஞ்சள் கொடுத்தால் தங்கக் குதிரையோடு மோதும். ரோஸ் என்பது அச்சில் கிட்டத்தட்ட தனி மெஜந்தா மை. வேறு மை கலக்காததால் இரவுப் பக்கங்களிலும் பளிச்சென்று நிற்கும்.

இனி பக்கக் கணக்கு. 24 பக்கத்தில் முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் தனி. நடுவில் 2–3 முதல் 22–23 வரை பதினொரு இரட்டைப்பக்கங்கள். ஒரு ஏ4 தாளில் 6 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் பதினொரு கட்டம் போட்டு, வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றே நிழல்களில் முழுப் புத்தகத்தையும் வரையுங்கள். முகம், உடை எதுவும் வேண்டாம். எது பெரிசு, எது சின்னது, எங்கே வெளிச்சம், எங்கே எழுத்து, இவ்வளவுதான். குறைந்தது மூன்று தடவை வேறுவேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். வண்ணத்தில் ஒரு படத்தைத் திருத்த மூன்று நாள் ஆகும், இதில் மூன்று நிமிடம்.

உங்கள் கதைக்கு இப்படிப் பிரிக்கலாம். 2–3 கதைத் தொடக்கம். 4–5 மூன்றுமாவடியில் எதிர்சேவை. 6–7 நீர்மோர்ப் பந்தல். 8–9, 10–11 தல்லாகுளத்து இரவு. 12–13 குதிரை வாகனம் புறப்பாடு. 14–15 ஆற்றை நோக்கி நடை. 16–17 இடுப்புக் காடு, செல்லிக்கு ஒன்றுமே தெரியாத பக்கம். புரட்டினால் 18–19: தோள், ஆறு, அழகர். 20–21 தண்ணீர் பீய்ச்சுவது. 22–23 வீடு திரும்பல். 24-இல் தூங்கும் பிள்ளை. சராசரியாக ஓர் இரட்டைப்பக்கத்துக்கு 47 சொல் வருகிறது. ஆனால் 16–17-க்குப் பத்து சொல் போதும், 18–19-க்கு ஒன்றுமே வேண்டாம். மிச்சச் சொற்களை 6–7, 10–11 போன்ற நிதானமான பக்கங்களுக்குத் தள்ளலாமா என்று பதிப்பாசிரியரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், படப்புத்தகத்தில் இப்படிக் கேட்பது ஓவியரின் வேலைதான்.

குதிரை புறப்பாட்டை 12–13-இல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் பைண்டிங். சென்டர் பின் அடிக்கும் 24 பக்கப் புத்தகத்தில் 12–13 மட்டும்தான் ஒரே தாளில் அச்சாகும். மற்றவற்றில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள். மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம், நிறமும் லேசாக மாறலாம். வாகனத்தைத் தூக்கும், பக்கவாட்டில் நீளும் தண்டு அந்தப் பக்கங்களில் மடிப்பைக் கடந்தால் ஒடிந்த மாதிரி தெரியும். 12–13-இல் அந்தப் பயம் இல்லை. 18–19-இல் குதிரையை முன்னிருந்து பார்த்து முழுதும் வலப்பக்கத்திலேயே வையுங்கள். இடப்பக்கம் தண்ணீரும் கூட்டமும் இருக்கட்டும். எந்தப் பக்கத்திலும் மடிப்பிலிருந்து இருபுறமும் ஒரு செ.மீ.க்குள் முகம் வரக்கூடாது.

கட்டங்கள் முடிவானதும் ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து 24 பக்க டம்மி செய்து, எழுத்தையும் ஒட்டி, ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசித்து முடிக்கும் முன்பே அது புரட்டப் போகிற பக்கத்தில் படம் காலியாக இருக்கிறது அல்லது எழுத்து அதிகமாக இருக்கிறது.

கூட்டம் வரைந்து கை ஓய்ந்தது என்று நகலின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆயிரம் தலை வரையவே வேண்டாம். முன்வரிசையில் ஐந்து முதல் ஏழு பேர், முகமும் சாடையும் உள்ள ஆட்கள்: மொட்டையில் சந்தனம் பூசிய தம்பி, கைக்குழந்தையோடு ஒரு அக்கா, விசிறியோடு ஒரு பாட்டி. இவர்களே இரவு முழுதும் திரும்பத் திரும்ப வரட்டும். 8–9-இல் பக்கத்தில் படுத்திருந்த பாட்டியை 20–21-இல் நனைந்தபடி கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்குப் பின்னால் இருபது, இருபத்தைந்து பேர். இவர்களுக்கு முகம் வேண்டாம், தலைவடிவம் போதும்: கொண்டை, மல்லிகைச் சரம், முண்டாசு, மொட்டை, குல்லாய். அதற்கும் பின்னால் வண்ணப் புள்ளிகளின் வரிசைதான். புள்ளிகளைச் சமமாகத் தூவினால் புடவை டிசைன் ஆகிவிடும். ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் விலகி, கைகள் அங்கங்கே மேலே எழும்ப விடுங்கள். பின்வரிசைக்குப் போகப்போகக் கறுப்பு வெளுத்து நீலமாக வேண்டும். உங்கள் படத்தில் கடைசி வரிசைத் தலைமுடியும் முன்வரிசை அளவுக்கே கறுப்பு. அதனால்தான் கூட்டம் சுவர் மாதிரி நிற்கிறது.

விவரங்களில் நான்கு இடங்களைத் திருத்த வேண்டும். மதுரைப் பிள்ளைகள் இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதிர்சேவைப் படத்திலேயே அழகரைக் குதிரையில் வைத்துவிட்டீர்கள். மலையிலிருந்து அவர் கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கள்ளர் திருக்கோலத்தில், பல்லக்கில் வருகிறார். மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொள்வது அந்தக் கோலத்தைத்தான். இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் திருமஞ்சனமாகி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சாற்றிக்கொண்ட பிறகுதான் தங்கக் குதிரை. ஆகவே உங்கள் புத்தகத்தில் அழகருக்கு இரண்டு கோலம். நடுவில் உள்ள இரவு அதற்குத்தான்.

அடுத்தது குதிரை. நாலுகால் பாய்ச்சலில் உயிர்க்குதிரையாக வரைந்திருக்கிறீர்கள். அது வாகனம். முன்கால் தூக்கி நிற்கும், கால் அசையாது. கீழே தண்டும், தண்டைத் தாங்கும் தோள்களும் உண்டு. அசைவு முழுவதும் அந்தத் தோள்களிலிருந்து வருகிறது. குதிரையை ஐந்து டிகிரி சாய்த்து, குடைகளை எதிர்ப்பக்கம் சாய்த்தால் கூட்டத்தின் மேல் மிதந்து வருகிற மாதிரி இருக்கும். தூக்குகிறவர்களின் முகத்தையும் கழுத்து நரம்பையும் ஒரு பக்கத்திலாவது அருகிலிருந்து காட்டுங்கள். 12–13 அதற்கு ஏற்ற இடம்.

மூன்றாவது, வைகை. கரைபுரள வரைந்திருக்கிறீர்கள். சித்திரையில் வைகை பெரும்பாலும் மணலும் புல்லும்தான். திருவிழாவுக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். கணுக்காலோ முழங்காலோ நனைகிற தண்ணீர். அழகர் வடகரையிலிருந்து, ஆழ்வார்புரம் பக்கமாக இறங்குகிறார். பின்னணியில் 1889-இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தின் கல்வளைவுகளைக் கொண்டுவந்தால் இடம் சட்டென்று புலப்படும். செல்லி ஆற்றுக்குள் நின்று வடக்கே பார்த்தால் கிழக்கு அவளுடைய வலக்கைப் பக்கம். விடியல் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்துதான் விழ வேண்டும். உங்கள் படத்தில் இடப்பக்கம் விழுகிறது.

நான்காவது, மாமா சொல்லும் கல்யாணக் கதைக்கு நீங்கள் போட்ட சின்னப் படம். அதில் மீனாட்சியின் கையைப் பிடித்துக் கொடுப்பவரை அழகர் போல வரைந்திருக்கிறீர்கள். கோயில் கம்பத்தடி மண்டபத்துக் கல்யாணச் சிற்பத்தில் திருமால் தாரை வார்க்கிறார் என்பது உண்மை. ஆனால் திருவிழாவில் கல்யாணத்துக்கு வருபவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, அதனால்தான் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிடுகிறார் என்பதே மக்கள் சொல்லும் கதை. மாமா சொல்வதும் அதுவே. கல்யாணத்தில் அழகர் நின்றுகொண்டிருந்தால் கதை முழுதும் கவிழ்ந்துவிடும்.

தண்ணீர் பீய்ச்சுபவர்களை நன்றாக வரைந்திருக்கிறீர்கள்: சல்லடம் என்கிற அரைக்கால் உடை, குல்லாய், தோளில் ஆட்டுத்தோல் தோப்பறை, கையில் தண்ணீர் பீய்ச்சும் துருத்தி. ஓர் ஆள் கையில் மட்டும் பிரஷர் பம்பு இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். சர்க்கரை நிரப்பிய சொம்பை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிப் பிடித்திருக்கும் பெண்கள் உங்கள் படங்களில் எங்குமே இல்லை. 16–17-க்கு அவர்களை விட்டால் வேறு வெளிச்சமே கிடையாது: செல்லியின் முகத்துக்கு நேரே ஒரு சொம்பு, அதன் சுடர் அவள் கன்னத்திலும் பக்கத்துச் சேலைக் கரையிலும் மட்டும் விழுகிறது, மற்றதெல்லாம் நீல இருட்டு. அந்தப் படத்தை நிதானமாகச் செய்யுங்கள்.

பச்சைக்கு வருவோம். பச்சைப்பட்டில் அழகர் வந்தால் அந்த வருஷம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் அந்தப் பச்சை மங்கவே கூடாது. திரையில் தெரிகிற கிளிப்பச்சை நாலு மை அச்சில் அப்படியே வராது. திரைக்கான ஆர்ஜிபி கோப்பை, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைக்கான சிஎம்ஒய்கேக்கு மாற்றும்போது மென்பொருள் தானாக மெஜந்தாவையும் கறுப்பையும் கலந்துவிடுகிறது. பச்சைக்கு எதிர்நிறம் மெஜந்தா, 15, 20 சதவீதம் சேர்ந்தாலே பாசி நிறம் வந்துவிடும். மாற்றிய பிறகு பட்டை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து சயான் 75, மஞ்சள் 100, மெஜந்தா 0, கறுப்பு 0 என்று கொண்டுவாருங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், இருட்டு வேண்டிய அந்த இடத்தில் மட்டும் மெஜந்தா இருக்கலாம்; சயான் 100, மஞ்சள் 75, மெஜந்தா 30 போதும். சுற்றிலும் அரக்கும் கருநீலமும் இருந்தால் அதே பச்சை இன்னும் தூக்கலாகத் தெரியும்.

தங்கத்துக்குத் தங்கப் பொடிக் கலரைத் தொடாதீர்கள். ஸ்கேனரில் அது அழுக்குப் பழுப்பாகத்தான் விழும். தங்கம் என்பது நிறம் அல்ல, திடீர் வெளிச்சமும் திடீர் இருட்டும் அடுத்தடுத்து நிற்பது. நடுநிறம் மெஜந்தா 30, மஞ்சள் 95. நிழல் சயான் 30, மெஜந்தா 60, மஞ்சள் 100, கறுப்பு 20. மினுக்கத்துக்குக் கிட்டத்தட்ட வெறும் தாள். மூன்றையும் குழைக்காமல் விளிம்பு தெரிய அடுத்தடுத்து வையுங்கள். இரவு வானத்துக்கு சயான் 100, மெஜந்தா 80, மஞ்சள் 20, கறுப்பு 20. மொத்தம் 220, மை சீக்கிரம் காயும். நாலு மையும் சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் எதிர்த்தாளில் ஒட்டும். ஆட்களின் தோலில் சயான் கூடினால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும், அதையும் பாருங்கள். முன்வரிசை ஆட்களையெல்லாம் வெளிர் நிறத்தில் வரைந்திருக்கிறீர்கள். மதுரை வெயிலில் நடந்து வந்தவர்கள், நல்ல மாநிறமும் கறுப்பும் வரட்டும்.

எழுத்துக்கு இடம்: தமிழுக்கு மேலே கொம்பும் சுழியும், கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் வாலும் உண்டு. 20 பாயின்ட் எழுத்துக்கு வரிக்கு வரி 30 பாயின்ட் விடுங்கள். நம் சொற்கள் நீளம், உடைக்கவும் கூடாது. வரிக்கு நாலைந்து சொல் வர 10 செ.மீ. அகலமாவது வேண்டும். வலது ஓரத்தை நேராக்காமல் விட்டுவிடுங்கள். எழுத்து எப்போதும் தனிக் கறுப்பு மையில், படத்துக்கு மேல் தனி அடுக்காக இருக்கட்டும். நாளை இதே புத்தகம் வேறு மொழியில் வந்தால் கறுப்புப் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்துக்குள் தூரிகையால் எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இரவுப் பக்கங்களில் வெள்ளை எழுத்துப் போட்டால் நாலு மையில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். வெள்ளை தவிர்க்க முடியாவிட்டால் தடித்த எழுத்து, 22 பாயின்ட். அதைவிட, படத்திலேயே வெளிச்சமான பரப்பு ஒன்றை உண்டாக்குங்கள்: மண்டபச் சுவர், பந்தல் துணி, மாமா விரித்துப் படுக்கும் வெள்ளை வேட்டி. 10–11-இல் செல்லி தூங்கும் அந்த வேட்டியின் மேலேயே மூன்று வரி போகலாம். அந்தப் பரப்பில் நிறம் 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். எழுத்து தாள் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே இருக்கட்டும்; பின் அடித்து வெட்டும்போது நடுப் பக்கங்கள் வெளியே பிதுங்கி ஒன்றிரண்டு மி.மீ. இழக்கும்.

அளவு: இரட்டைப்பக்கம் 17 அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். நாலு பக்கமும் வெட்டுக்காக விடும் கூடுதல் ஓரம் (பிளீட்) 3 மி.மீ. சேர்த்தால் 438-க்கு 222 மி.மீ., 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5171-க்கு 2621 பிக்சல். இது ஏ3 ஸ்கேனருக்குள் அடங்காது. அதனால் 39.4-க்கு 20 செ.மீ. அளவில் வரைந்து 400 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். இரண்டு துண்டாக ஸ்கேன் எடுத்து ஒட்டும் தொல்லை இல்லை. ஃபுளோரசன்ட் கலர் எதையும் பயன்படுத்தாதீர்கள், ஸ்கேனர் அதைச் சரியாகப் படிக்காது. 20–21-இல் தண்ணீர்த் துளிகள் 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் அச்சில் காணாமல் போகும். கொஞ்சம் பெரிய துளிகளாக, குறைவாகப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த மொழிகளுக்கு, மூலப்படம் யாருக்கு, எத்தனை முறை திருத்தம், அட்டையில் பெயர் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றே கொள்ளப்படும்.

பதிப்பாசிரியருக்கு அடுத்த முறை ஆறு வண்ணப் படங்களை அனுப்ப வேண்டாம். பென்சில் டம்மி முழுதும், 16–17, 18–19 இரண்டு மட்டும் வண்ணத்தில், எந்தத் தாளில் அச்சாகப் போகிறதோ அதே தாளில் எடுத்த ஒரு மாதிரி அச்சு. இவற்றுக்கு ஒப்புதல் வந்த பிறகு மற்ற ஒன்பதையும் தொடங்குங்கள்.